பட்டாணி முதுகில் ரெண்டு பெல்

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் கால் ஆடும், செவுத்தோரமாச் சாச்சுப் போட்டுக்குங்க. குதிரை எங்கயும் போயிறாதுங்க, பின்னால வேப்பமரத்தடியிலதான் நிக்குது. பொள்ளாச்சியிலிருந்து டெம்போ ஓட்டிட்டு வந்திருக்கறீங்க, காட்டாம அனுப்பிருவனா? ஆனா காட்டறதுக்கு முன்னால ஒண்ணச் சொல்லிப்போடறனுங்க. நாளைக்கு ஒருத்தன், "மைக்செட் நாச்சிமுத்து மறச்சு வித்துப்போட்டான்"னு பேசக்கூடாது பாருங்க. மறச்சது வரைக்கும் போதும்.

துளசிமணி! தம்பிக்கு ஒரு டீ! சக்கரை போடலாமுங்களா? போடு புள்ளே, நல்லாவே போடு.

எதுக்கு விக்கறேன்னு கேட்டீங்க. முட்டி வலிங்க. குதிரைக்கில்ல, எனக்கு. குனிஞ்சு லாயங்கூட்ட முடியறதில்லை. அதுதான் காரணம். வேற ஒண்ணுமில்லை. சொன்னா நம்போணும்.

அது பேரு பட்டாணிங்க. ஆடிச் சந்தையில புடிச்சது. கரியகாளியம்மன் கோயிலு சந்தை, உங்க பக்கத்துக்கெல்லாம் தெரியுமோ என்னமோ, எங்களுக்கு அது தீவாளி மாதிரி. கடைசி நாளு, கூடாரமெல்லாம் பிரிக்கறாங்க, நான் என்ற மைக்செட் குழாயக் கழட்டிட்டு இருக்கறேன். ஒரு ஓரத்துல இது மட்டும் நிக்குது. என்ற இடுப்பு ஒசரம்தான். செவலை. கழுத்து முடி கண்ணுல விழுந்து, கோயிலுக்கு நேந்துக்கிட்ட புள்ளையாட்ட ஒரு நிப்பு. ஒருத்தனும் கிட்டப் போகலை. ஏன்னு கேட்டா, பாடைச்சுழிங்கறாங்க.

பாத்தீங்களா, உங்க மூஞ்சி மாறுது. மாறட்டுங்க, எல்லாருக்கும் மாறும்.

முதுகெலும்புக்கு இக்கட்டால முடி சுழிச்சு ஒரு சுழி, அக்கட்டால ஒரு சுழி. ரெண்டும் நேருக்கு நேரு. அப்படி இருந்தா வெச்சிருக்கறவன் பாடையில போவான்னு சொல்றது. நான் சும்மா நிக்க மாட்டாம, "எப்படியும் எல்லாரும் அதுலதானய்யா போறோம்"னு ஓட்டிட்டு வந்துட்டேன். வந்த அன்னிக்கே என்ற சம்சாரம் துளசிமணி உரிச்சு வெச்சிருந்த பட்டாணியில வாய வெச்சுட்டுது. அவ வெளக்குமாத்தத் தூக்குனா. ஒரு வாரத்துல அதே கையால அதுக்குத் தலை சீவி விடறா. பாடையில நான் இன்னும் போகலைங்க. போயிருந்தா மானமாச்சும் மிஞ்சியிருக்கும்.

சரி, கேளுங்க.

கோபி தாண்டி வாய்க்கால் பாலத்துக்கிட்ட ஒரு பள்ளிக்கொடம் இருக்குது. கை கால் சொன்ன பேச்சுக் கேக்காத கொழந்தைக, பேச்சு வராத கொழந்தைக, அதுகளுக்கு. அங்க ஆண்டு விழாவுக்கு நாந்தான் மைக்செட்டு. அன்னிக்கு இவ ஒரம்பரைக்கு, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிட்டா, பட்டாணியத் தனியா விட மனசில்லாம வாடகை டெம்போவுல குழாயோட அதையும் ஏத்திட்டுப் போயிட்டேன். அங்க எறக்குனதுதான் தாமசம், மேடையில எவனும் இல்லை. அத்தனை கொழந்தைகளும் குதிரைக்கிட்ட. இதும் ஒரு கழுதை, கூட்டத்தைக் கண்டா மெரளோணுமா இல்லையா? மெரளலை. தலையக் கீழ போட்டுட்டு, ஒவ்வொண்ணா மோந்து பாத்துட்டு நிக்குது.

அங்க ஸ்டெல்லா டீச்சருன்னு ஒருத்தங்க. கை கால் பயிற்சி குடுக்கறவங்க. அவங்கதான், "அண்ணா, வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை கூட்டிட்டு வர்றீங்களா? வெளிநாட்டுலயெல்லாம் குட்டிக் குதிரைய வெச்சுத்தான் பயிற்சி குடுக்கறாங்க"ன்னு கேட்டாங்க. எனக்குப் பெருமை தாங்கலை. நம்ம பட்டாணி, சந்தையில சீந்துவாரில்லாம நின்னது, வெளிநாட்டு வைத்தியம் பண்ணுதுங்க!

அங்கதான் இளமதி. எட்டு வயசுப் புள்ளை. வலது கை சரியா இருக்குது. இடது கை பொறந்ததுலிருந்து முட்டி மடக்குனபடி. இப்படி, பாருங்க, கட்டை வெரலு உள்ள போயி. ஆரு பிரிச்சாலும் பிரியாது, பிரிச்சா அழுவும். அந்தப் புள்ளை ஒரு நாளு பட்டாணி முதுகத் தடவுது, சுழி கையில தட்டுப்படுது. "மாமா, இங்க காலிங்பெல் இருக்குது"ன்னுது. நான் மைக்செட்காரன், சும்மா இருப்பனா? அது ஒரு வெரலை வெச்சதும் "டிங் டாங்"னு ஒரு சத்தம் குடுத்தேன். பட்டாணி காத ஒரு ஆட்டு ஆட்டிச்சு. அவ்வளவுதான்! அன்னிக்குப் பூரா டிங் டாங், டிங் டாங். என்ற தொண்டை கட்டிப்போச்சு.

டீச்சரு பாத்தாங்க. கெட்டிக்காரி. "இளமதி, அந்தப் பக்கம் இன்னொரு பெல் இருக்கு. இங்கயே நின்னுக்கிட்டு, இந்தக் கையால அதை அடி பாக்கலாம்"னாங்க. இந்தக் கைன்னா அந்த இடது கை. முதுகுக்கு மேல நீட்டி, அக்கட்டால எட்டோணும். பெரிய குதிரைன்னா ஆகுமுங்களா? பட்டாணி ஒசரத்துக்குத்தான் ஆகும். ஊரே பாடைன்னு ஒதுக்குன சுழி, அந்தக் கொழந்தை கைக்கு அளந்து வெச்சது மாதிரி இருக்குது.

ஆறு மாசம் ஆச்சுங்க. முட்டியோடவே எட்டும், பெல்லு மேல முட்டியத் தேய்க்கும். "முட்டியால அடிச்சா பெல் கேக்காது, வெரல் வேணும்"னு சொல்லிப்போட்டு, டிங் டாங்குக்கு நான் வாயே தெறக்க மாட்டேன். பங்குனியில ஒரு வெள்ளிக்கெழமை. பட்டாணி அசையாம நிக்குது. அதுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும் போல, ஈ உக்காந்தாலும் வாலை ஆட்டலை. இந்தப் புள்ளை பல்லைக் கடிச்சுட்டு, கட்டை வெரலை மொதல்ல வெளிய எடுத்துச்சு, அப்பறம் ஒத்தை வெரலு. போயித் தொட்டுது. நான் ஊருக்கே கேக்கற மாதிரி டிங் டாங்னு கத்துனேன். டீச்சரு அழுதுட்டாங்க. புள்ளையோட அம்மா அங்கயே தரையில உக்காந்துட்டாங்க.

டீ ஆறுது, குடிங்க.

இதோட நிறுத்தியிருந்தா நான் மனுசன். நிறுத்துனனா?

தம்பி, மைக்செட்காரனுக்கு ஊர்ல என்ன பேரு இருக்குது சொல்லுங்க. கல்யாணம்னா மாப்பிள்ளை பேரு, சாவுன்னா செத்தவன் பேரு, திருவிழான்னா தர்மகர்த்தா பேரு. எல்லாப் பேரும் என்ற குழாயிலதான் வருது. என்ற பேரை ஒருத்தன் சொன்னதில்லைங்க. ஆடிச் சந்தையில குட்டைக் குதிரைக்குன்னு ஒரு அழகுப் போட்டி வெக்கறாங்க. நடை பாப்பாங்க, பல்லுப் பாப்பாங்க, சுழி பாப்பாங்க. அதுக்கு முந்தி ஒரு தடவை பட்டாணியக் கொண்டுபோயிருக்கறேன். நடையில அதை அடிக்க ஆளில்லை. சுழி பாக்கறவரு முதுகுல கைய வெச்சாரு, சூடு பட்ட மாதிரி எடுத்துட்டாரு. பின்னால ஒருத்தன், "எவன்டா பாடையச் சோடிச்சுக் கூட்டிட்டு வந்தவன்"னு கேட்டான். அத்தனை சனமும் சிரிச்சுது. நான் போட்ட குழாய்தான், அதுலயே அந்தச் சிரிப்பு கேட்டுதுங்க.

அது உள்ள கெடந்து அரிச்சுக்கிட்டே இருந்துது. இந்த வருசம் தரகர் வெள்ளியங்கிரி வந்தான். எல்லாம் அவனால வந்தது தம்பி, அவன் நல்லா இருப்பானா? ஒரு டப்பாவுல பசை. சுண்ணாம்பும் என்னென்னமோ கலந்தது. "சுழி மேல பூசி வைங்க, முடி உதுந்துரும். சேணம் உரசுன தழும்புன்னு சொல்லிருங்க. ஊர்ல பாதிக் குதிரைக்கு இப்படித்தான்"ன்னான். நான் கேட்டேன், "வலிக்குமா?"ன்னு. கேட்டனுங்க, கேக்காம இல்லை. "அட போங்க, குதிரை என்ன வாயத் தெறந்து சொல்லப்போகுதா?"ன்னான்.

பூசுனது அவனில்லைங்க. நாந்தான்.

வேற ஆரு கிட்டப் போனாலும் ஓடிப்போயிருக்கும். நான் போனதால நின்னுது. நடுங்குச்சு, ஆனா நின்னுது. நான் வேற, அது பயப்படக்கூடாதுன்னு, டிங் டாங் டிங் டாங்னு சொல்லிட்டே பூசறேன். முடியோட தோலும் வந்துருச்சு. துளசிமணி வந்து பாத்துட்டு உள்ள போயிட்டா. பேசியிருக்கலாம். ரெண்டு அறை குடுத்திருந்தாக்கூடப் பொறுத்திருப்பேன்.

போட்டிக்குப் பட்டுத்துணி போட்டுக் கூட்டிட்டுப் போனேன், பச்சைப் புண்ணு மேல. இளமதி நூல்ல ஒரு மாலை பின்னிக் குடுத்திருந்துது, அதையும் போட்டேன். நடந்துதுங்க. தலையத் தூக்கிட்டு, நான் வாய்க்குள்ள டிங் டாங்கற தாளத்துக்கு, ராசா மாதிரி நடந்துது. சுழி பாக்கறவரு துணியத் தூக்கிப் பாத்தாரு. "சேணம் அழுத்திருச்சுங்களா?"ன்னாரு. "ஆமாங்க"ன்னேன். "பாத்துப் போடுங்க, வாயில்லாச் சீவன்"னு எனக்குப் புத்தி வேற சொன்னாரு. மொதப் பரிசு. என்ற பேரை மைக்குல சொன்னாங்க. முழுப் பேரு, அப்பன் பேரோட. இந்தத் தடவை வேற ஆளு மைக்செட்டு, எக்கோ சரியில்லை, பேரு பாதிதான் கேட்டுது.

கப்பு எங்கன்னு பாக்கறீங்களா? டிவி மேல இல்லைங்க. மாட்டுக் கொட்டாயில இருக்குது. இவ அதுலதான் தவுடு அள்ளறா. நான் ஒண்ணும் கேக்கறதில்லை.

அடுத்த வெள்ளிக்கெழமை போயிருக்கக்கூடாது. புண்ணு ஆறட்டும்னு இருந்திருக்கோணும். ஆனா கப்பைக் காட்டோணுமே! பட்டுத்துணியோடவே எறக்குனேன். கொழந்தைகெல்லாம் கை தட்டுது. இளமதி ஓடி வந்துது. வந்த வேகத்துல, ஆரும் சொல்லாமலேங்க, இடது கைய நீட்டுச்சு. வெரலை எல்லாம் விரிச்சு. அஞ்சு வெரலும், தம்பி. ஆறு மாசமா ஒத்தை வெரலுக்குத் தவங்கெடந்தோம், அன்னிக்கு அஞ்சும் விரிஞ்சுது. துணிக்கடியில விட்டு, அக்கட்டால பெல்லு மேல வெச்சுது.

பட்டாணி அலறிப்போச்சு. அப்படி ஒரு சத்தம் அதுக்கு உண்டுன்னே எனக்குத் தெரியாது. துள்ளி ஒதைச்சுது, வாளி பறந்துது, புள்ளை மல்லாக்க விழுந்துருச்சு. அடி ஒண்ணும் பெருசா இல்லைங்க. டீச்சரு தூக்கிட்டாங்க. அத்தனை பேரும் என்னையப் பாக்கறாங்க.

அப்ப நான் என்ன பண்ணுனேன்னு கேளுங்க. கேளுங்க தம்பி.

பட்டாணி மூஞ்சி மேலயே அடிச்சேன். "கழுதை, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு"ன்னு, நாலு பேருக்குக் கேக்கற மாதிரி, பளீர்னு. ஒம்பது வருசத்துல மொதத் தடவை. அது தலையக் கீழ போட்டுட்டு, வாங்கிட்டு நின்னுது. அப்ப அந்தப் புள்ளை டீச்சரு இடுப்புலிருந்து கத்துது: "அடிக்காதீங்க மாமா! அடிக்காதீங்க! நாந்தான் பெல்ல ஓவரா அமுத்திட்டேன்!"

நான் ஒண்ணும் சொல்லலைங்க.

சொல்ல எவ்வளவு நேரமாகும்? "நீ இல்ல சாமி"ன்னா மூணே வார்த்தை. ஊரெல்லாம் கேக்கற மாதிரிப் பேசி வயித்தக் கழுவறவன் நானு, வாயத் தெறக்கலை. பக்கத்துல டீச்சரு நிக்கறாங்க, புள்ளையோட அம்மா நிக்கறாங்க, கையில கப்பு இருக்குது. சொல்லலை. குதிரைய ஏத்திட்டு வந்துட்டேன்.

அப்பறம் டீச்சரு ஒரு தடவை போன் பண்ணுனாங்க. திட்டறதுக்கில்லைங்க, அதுதான் கொடுமை. "அண்ணா, அவ கை மறுபடி மூடிக்கிச்சு. எதையுமே இடது கையால தொட மாட்டேங்கறா. பென்சில் குடுத்தா, 'வேண்டாம், அதுக்கு வலிக்கும்'ங்கறா. பட்டாணியக் கொண்டுவந்து தூரத்துலயாவது காட்டுங்க, அது நல்லா இருக்குதுன்னு பாத்தாப் போதும்"னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "வித்துட்டனுங்க டீச்சர்"னேன். வாயில வந்துருச்சு. சொன்னது சொன்னதுதான். நாச்சிமுத்து ஒரு வார்த்தை சொல்லிட்டா அதைக் காப்பாத்தோணுமில்லீங்க? அதனாலதான் விக்கறேன். முட்டி வலியும் இருக்குது.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க.

எந்திரிக்கறீங்களே? சுழிக்கா? சுழி இப்ப இல்லீங்களே, அதுதான் தோலோட போயிருச்சே. முடி மொளைச்சிருக்குது, அதுவும் வெள்ளையா. செவலை முதுகுல ரெண்டு வெள்ளைப் பொட்டு. பாடைச்சுழின்னா கிட்ட வந்து பாத்தாத்தான் தெரியும். இது வாசல்ல நின்னாலே தெரியுது. கடவுளு எனக்குன்னே வெச்ச மாதிரி.

என்னடி? உள்ளிருந்து என்ன மொணமொணக்கறே? வெளிய வந்து பேசு, தம்பி ஒண்ணும் அன்னியமில்லை.

கேட்டீங்களா அவ சொல்றதை? "வர்ற யாவாரிக்கெல்லாம் கதை சொல்றீங்களே, இது நாலாவது ஆளு. விக்கறவன் எவனாவது பாடைச்சுழின்னு அவனே வாயத் தெறந்து சொல்லுவானா? நீங்க விக்கறதுக்கு ஆளக் கூப்புடலை, அழுவறதுக்கு ஆளக் கூப்புடறீங்க. இத்தனை பேருகிட்டச் சொன்னீங்களே, அந்தப் புள்ளைகிட்டச் சொன்னீங்களா?" இதுதான் அவ கேக்கறது. உங்க முன்னாலயே கேக்கறா பாருங்க. மட்டு மருவாதி இல்லை.

...

இல்லீங்க. ஒண்ணுமில்லை. புகை கண்ணுல பட்டுருச்சு. அடுப்பு எரியலைதான். தெரியுதுங்க.

நெசமாலுமே நாலு பேருகிட்டச் சொல்லிட்டேன் தம்பி. ஒவ்வொருத்தருகிட்டச் சொல்றப்பவும் சித்த நேரம் பாரம் எறங்குன மாதிரி இருக்கும். அவிய போனதும் பொக்குன்னு போயிரும். அங்க ஒரு கொழந்தை, "என் கை பட்டா வலிக்கும்"னு கைய மூடி வெச்சுட்டு உக்காந்திருக்குது. நான் இங்க சேர் போட்டு, டீ குடுத்து, மொகந்தெரியாதவங்களுக்குச் சொல்லிட்டு இருக்கறேன். தூ.

சரி. உங்களுக்குக் குதிரை வேண்டாம். வேண்டாங்கறது உங்க மூஞ்சியிலயே எழுதியிருக்குது. நல்லதாப் போச்சு. ஒரே ஒரு ஒத்தாசை மட்டும் பண்ணுங்க. உங்க டெம்போ எப்படியும் காலியாத்தான போகுது? கோபி வழியாத்தான போவீங்க? வாய்க்கால் பாலத்துக்கிட்ட எங்க ரெண்டு பேரையும் எறக்கி விட்டுப்போடுங்க. இன்னிக்கு வெள்ளிக்கெழமைதான். டீச்சரு இருப்பாங்க. வித்துட்டேன்னு சொன்ன குதிரையோட போயி நிக்கோணும், அது ஒண்ணு. அப்பறம் அந்தப் புள்ளை முன்னால ஒக்காந்து, "நீ மெதுவாத்தான் தொட்டே சாமி, பெல்ல ஒடைச்சது மாமன்தான்"னு சொல்லோணும். அதைச் சொல்லிட்டு அது மூஞ்சிய எப்படிப் பாக்கறதுன்னுதான் தெரியலை. அது மூஞ்சியப் பாக்க முடியாமத்தான தம்பி இத்தனை கூத்தும்.

துளசிமணி, பட்டாணிக்குத் தண்ணி காட்டு. அந்தப் பட்டுத்துணியெல்லாம் வேண்டாம். முதுகு அப்படியே தெரியட்டும்.

நான் முன்னால உக்காரலைங்க, பின்னால அதுகூட நின்னுக்கறேன். வண்டிய வெருசா, வேகமாவே ஓட்டுங்க. ஒண்ணே ஒண்ணு, வழியில எங்கயும் டீக்குன்னு நிறுத்திப்போடாதீங்க தம்பி. நிறுத்துனா நான் எறங்கிக்குவேன்.